பிளைண்ட் வாங்கும் முன் ஒரு சித்திரை வெயிலைப் பார்த்துவிடுங்கள்

திருச்சியில் வீடு கட்டி முடித்து போன தை மாதம் குடிபோனோம். கீழ்த்தளத்தில் ஆறு ஜன்னல், மாடியில் நான்கு, மாடிப்படி ஓரத்தில் உயரமாக ஒன்று. டைல்ஸுக்கும் கதவுக்கும் மாதக்கணக்கில் அலைந்து விசாரித்த நான், பிளைண்ட், அதாவது சங்கிலியோ கயிறோ இழுத்து ஏற்றி இறக்கும் ஜன்னல் திரை, இந்த விஷயத்தை மட்டும் கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரே மாலையில் முடித்தேன். அந்த அவசரத்துக்கு வெயில் காலம் முழுக்க அனுபவித்தோம். பணம் போனதைவிட எனக்குப் பெரிய வருத்தம், கண்புரை ஆபரேஷன் முடிந்து வந்த 74 வயது அப்பா மேற்கு அறையில் மதியத் தூக்கம் இல்லாமல் பட்ட பாடுதான். வீடு கட்டி முடிக்கும் கட்டத்தில் இப்போது பலர் இருப்பீர்கள், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கடையில் நடந்ததைச் சொல்கிறேன். உட்கார்ந்ததும் கனமான கேட்லாக் இரண்டை விரித்தார்கள். ரோலர், வெனிஷியன், வெர்டிகல், ரோமன் என்று பக்கம் பக்கமாகப் போய்க் கடைசியில் ஜீப்ராவில் நின்றது. "இப்ப எல்லாரும் இதான் சார் போடுறாங்க, வீடு பூரா ஒரே மாதிரி போட்டா எடுப்பா இருக்கும்" என்றார் கடைக்காரர். எங்களுக்கும் பிடித்திருந்தது. ஜீப்ரா என்பது இரண்டு அடுக்குத் துணி, கனமான பட்டையும் மெல்லிய வலைப் பட்டையும் மாறி மாறி வரும்; சங்கிலியை இழுத்தால் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வந்து வெளிச்சம் விடும், இன்னும் கொஞ்சம் இழுத்தால் மாறி நின்று மறைக்கும். பார்க்க அழகு, அதில் சந்தேகமே இல்லை. ஹாலுக்கு இரண்டு, அப்பா அறையின் மேற்கு ஜன்னலுக்கு ஒன்று, எங்கள் படுக்கையறைக்கு ஒன்று என நான்கு ஜீப்ரா, சமையலறைக்கு அலுமினிய வெனிஷியன் (படுக்கைவாட்டில் தகடுகள் அடுக்கியது) ஒன்று சொல்லிவிட்டு வந்தோம். அப்பா அறையில் இன்னொரு ஜன்னல் வடக்கே இருக்கிறது. "வடக்குல வெயிலே வராது, அதுக்கு எதுக்கு சார் வீண் செலவு" என்றார்கள், விட்டுவிட்டோம்.

அந்த ஒரு மணி நேரத்தில் நிறம் கேட்டார்கள், சுவர் பெயிண்ட் என்ன கலர் என்று கேட்டார்கள். அந்த வடக்கு ஜன்னல் பேச்சைத் தவிர, எந்த ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று அவர்களும் கேட்கவில்லை, சொல்லவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

மாசி வரை ஒரு குறையும் இல்லை. பங்குனி பாதியில் ஆரம்பித்தது. மேற்கு ஜன்னலில் 2 மணிக்கு எட்டிப் பார்க்கும் வெயில் 3 மணிக்கு நேராகக் கட்டிலுக்கு வந்தது. ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு 2 அடி நீட்டித்தான் போட்டிருக்கிறோம், ஆனாலும் 4 மணிக்குச் சூரியன் சரிந்துவிடுவதால் சன்ஷேடு நிழல் ஜன்னலின் மேல் ஒன்றரை அடியைத்தான் மறைத்தது, மீதி மூன்றடிக்கு முழு வெயில். ஜீப்ராவை இழுத்து மூடினால் ஒவ்வொரு பட்டையும் சேரும் இடத்தில் மெல்லிய கோடாக வெளிச்சம் கசியும். நமக்கு அது ஒன்றுமே இல்லை. ஆபரேஷன் முடிந்த கண்ணுக்கு ஒவ்வொரு கோடும் கத்தி மாதிரி இருந்திருக்கிறது. அப்பா துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருப்பார், வியர்வையில் துண்டு நனைந்துவிடும். ஒருநாள் மூடிய பிளைண்டின் உள்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். அடுப்பை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆன தோசைக்கல் மாதிரி சூடு. ஃபேன் அந்தச் சூட்டை அறை முழுக்கச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தது.

ஏன் இப்படி என்று யோசித்து, படித்து, ஒரு கட்டிடப் பொறியாளர் நண்பரிடமும் கேட்டுப் புரிந்துகொண்டது இதுதான். வெயில் கண்ணாடி வழியாகச் சுலபமாக உள்ளே வந்துவிடும். வந்து பிளைண்டில் பட்டு அதைச் சூடாக்கும். சூடான துணி திரும்ப வெளியிடும் வெப்பத்தைக் கண்ணாடி நேராக வெளியே விடாது. ஆக, உள்ளே மாட்டும் திரை வெளிச்சத்தை மறைக்கிறது, வெப்பமோ ஏற்கெனவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாக இருந்தால் கொஞ்சம் திருப்பி அனுப்பும், அடர்நிறம் என்றால் அதுவும் போச்சு. எங்களுடையது சுவருக்குப் பொருத்தமாக எடுத்த காபிப்பொடி நிறம். வெப்பத்தைத் தடுக்கவேண்டும் என்றால் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுக்கவேண்டும். நம் பாட்டி வீட்டுத் திண்ணையில் தட்டி கட்டித் தொங்கவிட்டதும், வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்ததும் எல்லாம் வெளிப்பக்கத்தில்தான் என்பது அப்போதுதான் மனதில் உறைத்தது.

சித்திரை பிறந்ததும் இன்னொன்று. வெயிலே வராது என்று சொன்ன வடக்கு ஜன்னலில் வெயில் வந்தது. இதை நான் சத்தியமாக எதிர்பார்க்கவில்லை. திருச்சி ஏறத்தாழ 10.8 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. சூரியன் சித்திரை முதல் வாரம் வாக்கில் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிட்டு, அப்புறம் வடக்கே போய்விடும், ஆவணியில்தான் மறுபடி தலைக்கு மேல் வழியாகத் தெற்கே திரும்பும். நடுவில் இருக்கும் நான்கு மாதமும் நண்பகல் வெயில்கூட வடக்கிலிருந்துதான். ஆனி மாதம் சாயங்காலம் சூரியன் மறைவது மேற்கிலும் இல்லை, நன்றாக வடமேற்குப் பக்கம் தள்ளி. அதனால் அக்னி நட்சத்திரத்தில் அப்பா அறைக்கு இரண்டு ஜன்னலிலிருந்தும் வெயில். தெற்குப் பக்க ஜன்னலுக்கும் பிளைண்ட் போட்டோமே, அது கோடையில் நிழலில் இருந்தது. அங்கே வெயில் வருவது மார்கழி, தையில், அப்போது அது நமக்குத் தேவைப்படும் வெயில்.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, என் மனைவி. ஒருநாள் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு காலை 7 மணியிலிருந்து மணிக்கொரு தடவை, ஒவ்வொரு அறையிலும் தரையில் வெயில் விழும் இடத்தின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு மணியையும் எழுதிக்கொண்டே வந்தாள். மாலையில் நான் வேலை முடிந்து வந்தபோது தரையெல்லாம் 8, 9, 3, 4 என்று எண்கள். அப்பா கட்டில் காலுக்குப் பக்கத்தில் 3 மணிக் கோடு, தலையணை இருக்கும் இடத்தைத் தாண்டி 4 மணிக் கோடு. கேட்லாக் நூறு பக்கம் புரட்டியும் கிடைக்காத பதில் அந்தத் தரையில் இருந்தது. புது வீட்டுக்காரர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். குடிபோன உடனே எதுவும் மாட்டாதீர்கள். ஜன்னலில் பழைய வேட்டியோ புடவையோ கட்டி வையுங்கள், நான்கு பேர் பார்த்தால் பார்க்கட்டும். ஒரு பங்குனி, சித்திரை போகட்டும், எந்த ஜன்னலுக்கு எந்த மணிக்கு என்ன பிரச்சினை என்று தெரிந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு, புதுப் பூச்சில் ஈரம் காய மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் சுவரை ஒட்டிக் கனத்த துணியைத் தொங்கவிட்டால் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். எங்கள் படுக்கையறையில் கீழ் ஓரமாகக் கறுப்புப் புள்ளி வந்துவிட்டது.

அப்பா அறைக்கு மாற்று தேடியபோது சாலையோரம் மரத்தடியில் மூங்கில் தட்டி பின்னுகிற ஒரு பெரியவரிடம் போனேன். மூங்கில் பிளாச்சைச் சீவிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பக்கத்து ஜன்னலு தம்பி?" மேற்கு என்றேன். "மேக்கால பாத்ததா, அப்ப நெருக்கமா வெச்சுக் கட்டணும், வடக்குக்குக் கொஞ்சம் விட்டுக் கட்டுனா போதும், காத்து வரும்" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு ஆள் கிடைத்ததில் எனக்கு அவ்வளவு நிம்மதி. இரண்டு தட்டிக்கும் சேர்த்து ஒரு ஜீப்ராவுக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. வார்னிஷ் மட்டும் நாங்களே இரண்டு கை அடித்து வெயிலில் காயவைத்தோம், அடிக்காவிட்டால் ஐப்பசி மழையில் மூங்கில் கறுத்துவிடும் என்று சொல்லியிருந்தார்.

தட்டியை எங்கே தொங்கவிடுவது என்பதில் கவனம் வேண்டும். நம் வீடுகளில் கம்பி உள்ளே, கதவு வெளியே திறக்கிற மாதிரிதான் பெரும்பாலும் மர ஜன்னல். சுவரை ஒட்டித் தட்டி கட்டினால் கதவைத் திறக்கவே முடியாது. எங்கள் ஜன்னல் கதவு ஒவ்வொன்றும் ஒன்றேகால் அடி அகலம், சன்ஷேடு 2 அடி, அதனால் சன்ஷேடின் அடிப்பக்கத்தில் விளிம்பிலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளிக் கொக்கி போட்டோம். விளிம்பிலேயே துளைத்தால் கான்கிரீட் பெயர்ந்துவிடும், மழைநீர் சொட்டுவதற்காக விட்டிருக்கும் பள்ளமும் கெட்டுவிடும். கதவு திறந்தே இருக்கும், தட்டி வெளியே, நடுவில் காற்று போகும். கயிறு கப்பி வழியாக வந்து கம்பிக்குள் கை எட்டும் இடத்தில் முடியும், அப்பாவே 2 மணிக்கு இறக்கி 6 மணிக்கு ஏற்றிவிடுகிறார். ஆடிக் காற்றுக்குத் தட்டியின் கீழ் இரண்டு மூலையையும் கம்பியோடு கட்டிவிடவேண்டும், ஒருநாள் மறந்து ராத்திரி முழுக்கச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் நகரும் யுபிவிசி (பிளாஸ்டிக் சட்ட) ஜன்னல் என்றால் கதவு இடிக்கும் தொல்லை இல்லை. தட்டி போட்ட பிறகு உள்ளே ஜீப்ராவே தேவைப்படவில்லை. அதைக் கழற்றிவிட்டுக் கனமான பருத்தித் திரை ஒன்று போட்டோம். துணி கரூரில் வாங்கியது; திரைத்துணி, மேசைவிரிப்பு எல்லாம் ஏற்றுமதிக்கு நெய்கிற ஊர் பக்கத்திலேயே இருக்கும்போது அங்கே போய் எடுப்பதுதான் நியாயம் என்று பட்டது.

இனி அளவு. இதில்தான் அநேகம் பேர் ஏமாறுகிறோம் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வந்த பையன் ஜன்னல் நடுவில் டேப்பை ஒருதடவை வைத்து "நாலடி" என்று எழுதிக்கொண்டான். மாட்ட வந்த அன்று ஹால் பிளைண்ட் மேலே சரியாக நின்றது, கீழே இறக்கும்போது அடிப்பட்டை இரண்டு பக்கமும் உரசிச் சுவரின் புதுப் பட்டிப் பூச்சில் வெள்ளையாக இரண்டு கோடு கிழித்துவிட்டது. பிறகு நானே அளந்தேன், மில்லிமீட்டரில்: மேலே 1219, நடுவில் 1214, கீழே 1207. கொத்தனார் எவ்வளவு நன்றாகப் பூசினாலும் பூச்சில் இந்த வித்தியாசம் வரத்தான் செய்யும், அது அவர் குற்றம் இல்லை. ஜன்னல் குழிக்குள்ளே மாட்டுவதாக இருந்தால் மேல், நடு, கீழ் மூன்று இடத்தில் அகலம் எடுத்து இருப்பதிலேயே சிறியதைக் கொடுக்கவேண்டும், மூலைக்கு மூலையும் பிடித்துப் பார்க்கவேண்டும், இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் ஜன்னல் கோணியிருக்கிறது என்று அர்த்தம். குழிக்குள் மாட்டினால் ஓரத்தில் இடைவெளி கட்டாயம் இருக்கும், ஏனென்றால் ரோலரில் இரண்டு பக்கப் பிடிப்புக்காகத் துணி குழாயின் மொத்த அளவைவிடக் கொஞ்சம் குறுகலாகத்தான் வரும். நல்ல இருட்டு வேண்டும் என்றால் சுவரின் மேல், ஜன்னலைவிட ஒவ்வொரு பக்கமும் மூன்று நான்கு அங்குலம் கூடுதலாக வைத்து மாட்டுங்கள். பிளாக்அவுட் துணி என்று பெயர் இருந்தால் மட்டும் அறை இருட்டாகிவிடாது, வெளிச்சம் ஓரத்தில்தான் வரும். அந்தத் துணியைக் கடையிலேயே செல்போன் டார்ச் வைத்துப் பாருங்கள், ஒரு மூலையை மடித்து விட்டும் பாருங்கள், மட்டமானதில் பூச்சு வெடித்து ஊசிக்கண் மாதிரி வெளிச்சம் தெரியும்.

இன்னொரு விஷயம் கொசுவலை. நாங்கள் உள்பக்கம் வெல்க்ரோ வைத்த வலை போட்டிருக்கிறோம், மாதம் ஒருமுறை பிரித்துத் துவைக்கவேண்டும். பிளைண்ட் அதற்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் அதைச் சுருட்டிவிட்டுக் கையை நுழைத்துத்தான் பிரிக்கமுடியும். ஜன்னல் கொக்கி, கைப்பிடி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள். ரோலரில் துணி குழாயின் பின்பக்கமாக இறங்கவும் செய்யலாம், முன்பக்கமாக இறங்கவும் செய்யலாம், ஆர்டர் கொடுக்கும்போதே சொன்னால் போதும். கைப்பிடியில் இடிக்கும் ஜன்னலுக்கு முன்பக்கமாக இறங்குவது தீர்வு. கடையில் யாரும் இதைத் தானாகச் சொல்லவில்லை.

துளை போடும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜன்னலுக்கு மேலே இருப்பது கான்கிரீட் லிண்டல், சாதாரண டிரில் உள்ளே போகாது, ஹேமர் டிரில் வேண்டும். அதைவிட முக்கியம், சுவருக்குள் ஓடும் கரண்ட் பைப். எங்கள் படுக்கையறையில் ஏசி பாயிண்டுக்கான வயர் ஜன்னலுக்கு மேலேதான் போகிறது. பூச்சு வேலைக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் பக்கத்தில் டேப்பை நீட்டி வைத்துப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன், அன்று அது காப்பாற்றியது. "நிறுத்து தம்பி" என்று போட்டோவைக் காட்டியபோது டிரில் முனை இருந்த இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி பைப். இப்போது கட்டிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இந்தப் போட்டோவை எடுத்துவிடுங்கள், பூசிய பிறகு எந்தப் பணம் கொடுத்தாலும் கிடைக்காது.

சங்கிலி விஷயம் எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது. சித்திரை லீவுக்குத் தங்கச்சி வந்திருந்தாள், பையனுக்கு இரண்டு வயது. ஹால் சோபாவில் ஏறி நின்று ஜன்னல் வேடிக்கை பார்த்தவன் தொங்கிய சங்கிலி வளையத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு அப்படியே கீழே இறங்கப் பார்த்தான். அப்பா பார்த்துவிட்டார், ஓடிப்போய் தூக்கிவிட்டார். அந்தச் சங்கிலியைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் சின்ன பிளாஸ்டிக் கிளிப் ஒன்று பெரும்பாலும் பிளைண்டோடு வரும். எங்களுக்கும் வந்திருந்தது, மாட்டியவர்கள் அதைப் பாக்கெட்டோடு ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், நாங்கள் குப்பையில் போட்டிருக்கிறோம். ஐரோப்பாவில் தொங்கும் சங்கிலி தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்குக் கீழே வரக்கூடாது என்றே தர விதி வைத்திருக்கிறார்கள். நம்மிடம் யாரும் சொல்வதில்லை. வீட்டில் குழந்தை இல்லை, பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், விருந்தாளியாக ஒரு நாளைக்கு வந்தாலும் குழந்தை குழந்தைதான். அந்தக் கிளிப்பைப் போட்ட பிறகே மாட்ட வந்தவர்களுக்குப் பணம் கொடுங்கள், சோபாவையும் கட்டிலையும் ஜன்னலுக்கு அடியிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

ஹாலில் தெருவைப் பார்த்த ஜன்னலுக்கு ஜீப்ராவை எடுத்துவிட்டு சன்ஸ்கிரீன் ரோலர் போட்டோம், சல்லடை மாதிரி நெய்த துணி. 3 சதவீதம், 5 சதவீதம் என்று எண் சொல்வார்கள், துணியில் எவ்வளவு பங்கு ஓட்டை என்பதுதான் அது. பகலில் வெளியே தெரு நன்றாகத் தெரியும், கண் கூசுவதில்லை, அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இரவில் இது தலைகீழ். பால் வாங்கிக்கொண்டு திரும்பிய என் மனைவி, விளக்குப் போட்ட ஹாலில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று தெருவிலிருந்தே தெரிகிறது என்றாள். அதனால் அதற்கு முன்னால் ஒரு திரை, 6 மணிக்கு மேல் இழுத்துவிடுவதற்கு. கழற்றிய ஜீப்ராக்களில் இரண்டை வெட்டிச் சின்னதாக்கிக் கிழக்குப் பக்கம் இருக்கும் மாடி அறையில் மாட்டினோம், அங்கே பத்து மணிக்குள் வெயில் ஜன்னலை விட்டு ஏறிவிடும், அந்த இடத்துக்கு அது நல்ல பொருள்தான்.

சமையலறைக்கு எதுவும் போடாதீர்கள். எங்கள் வெனிஷியனில் மூன்று மாதத்தில் தாளிப்பு எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஒவ்வொரு தகட்டிலும் பிசுக்கு. கழற்றிவிட்டு, கண்ணாடியின் கீழ்ப்பாதிக்கு மட்டும் மங்கல் ஸ்டிக்கர் ஒட்டியதோடு சரி.

பில் போடும்போது கவனிக்கவேண்டியது ஒன்று. விலை சதுர அடிக்கு என்றாலும், எங்கள் கடையில் ஒரு பிளைண்டுக்குக் குறைந்தது 15 சதுர அடி என்று கணக்கு. மூன்றுக்கு மூன்று ஜன்னலுக்கு 9 சதுர அடிதான் துணி, பணம் 15க்கு. மாட்டும் கூலி, மேலே மூடும் பெட்டி, வரி எல்லாம் தனி. இதையெல்லாம் சேர்த்து ஜன்னல் வாரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு பிடிப்பும் ஒரு சங்கிலியும் உபரியாகக் கேட்டு வாங்கி வையுங்கள், அடுத்த வருடம் அதே மாடல் இருக்கும் என்று நம்பமுடியாது.

மாடிப்படி ஜன்னலுக்கு இன்னும் ஒன்றும் போடவில்லை. காலை வெளிச்சம் அதில்தான் வீட்டுக்குள் இறங்குகிறது, அப்படியே இருக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். மாடியில் மேற்கு பார்த்த அறையிலும் இப்போதைக்கு ஒரு பழைய நாலு முழ வேட்டிதான் தொங்குகிறது. போன வாரம் அங்கேயும் சாக்பீஸ் கோடு போட்டிருக்கிறாள், ஆவணியில் இன்னொரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத் தட்டிக்காரப் பெரியவரிடம் போகவேண்டும்.